நரம்பு கெட்டுப்போச்சா? – ஒரு பரிசோதனையின் வரலாறு

கை மரத்துப் போனாலும், கெண்டைக்கால் சதை தானாகத் துடித்தாலும், விரல் நுனியில் குறுகுறுவென்று இருந்தாலும் நம் எல்லோருக்கும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "நரம்புல ஏதாவது கோளாறா இருக்குமோ?" எலும்பு உடைந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். ரத்தத்தில் பிரச்சினை என்றால் நாலு சொட்டு எடுத்துக் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிடும். ஆனால் நரம்பு அப்படியில்லை. தோலைப் பிரித்து நேரில் பார்த்தால்கூட அது வேலை செய்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அறுந்து தொங்காத டெலிபோன் ஒயரைப் பார்த்து லைன் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? அது மாதிரிதான்.

அப்படியென்றால் ஒரு நரம்பிடம் "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். பி.காம் படிக்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கிறீர்களா? :-) வகுப்பில் ஒருத்தன், வீட்டில் அம்மா என்று இரண்டு பேருக்கு அடுத்தடுத்து இந்தக் கேள்வி வந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கச் சுவாரசியமாக இருந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஒரு விளக்கம். தமிழில் 'நரம்பு' என்று நாம் பல பொருள்களைச் சொல்கிறோம். ஊசி போட "நரம்பு கிடைக்கலை" என்று நர்ஸ் சொல்வது ரத்தக் குழாயை. கழுத்தில் "நரம்பு பிசகிடுச்சு" என்பது பெரும்பாலும் தசைப் பிடிப்பை. பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' நோட்டீஸ் எதைச் சொல்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் மூளை, தண்டுவடத்திலிருந்து தசைக்கும் தோலுக்கும் போகிற 'ஒயர்' மட்டுமே.

தவளைக் காலும் ஒரு சண்டையும்

நரம்பில் ஓடுவது என்ன? கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு மேல் ஐரோப்பா நம்பியது இதுதான்: நரம்பு ஒரு குழாய், அதில் ஒருவித 'ஆவி' ஓடித் தசையை ஊத வைக்கிறது. 1660-களில் ஹாலந்தின் யான் ஸ்வாமர்டாம் ஒரு தவளைத் தசையைக் கண்ணாடிக் குழலுக்குள் வைத்துச் சுருங்கச் செய்து, சுருங்கும்போது அதன் கன அளவு கூடவில்லை என்று காட்டினார். பலூன் கதை முடிந்தது. ஆனால் ஓடுவது என்ன என்று அப்போதும் தெரியவில்லை.

அதற்கு இன்னும் நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. இத்தாலியின் பொலோனா நகரத்தில் லூயிஜி கால்வானி 1780-களில் தவளைக் கால்களை வைத்துச் சோதனை செய்தார். பித்தளைக் கொக்கியில் மாட்டிய கால் இரும்பைத் தொட்டதும் உதைத்தது. "உயிருக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது" என்று 1791-ல் எழுதினார். அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, இரண்டு வேறுவேறு உலோகங்களிலிருந்து வருகிறது என்றார். அதை நிரூபிக்கப் போய் 1800-ல் உலகின் முதல் மின்கலத்தையே செய்துவிட்டார். கால்வானி அதைப் பார்க்கவில்லை, 1798-லேயே இறந்துவிட்டார். நெப்போலியன் அமைத்த அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் கடைசி வருடத்தில் வேலையும் போயிருந்தது.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே பாதி சரி. அந்தத் தவளையை உதைக்க வைத்தது உலோகம்தான். ஆனால் நரம்புக்கும் தசைக்கும் சொந்த மின்சாரம் இருப்பதும் உண்மை. 1840-களில் பெர்லினில் எமில் டு புவா-ரேமோன் அதைக் காட்டினார். அதற்காக ஒரு கால்வானோமீட்டரில் இருபதாயிரம் சுற்றுக்கு மேல் கம்பியைச் சுற்றினார். மனிதக் கையை இறுக்கும்போது அதன் தசையிலிருந்து மின்சாரம் வருவதையும் பதிவு செய்தார். தோல் தடுக்கிறது என்பதால் தன் தோலையே கொப்புளிக்க வைத்து உரித்து அந்த இடத்தில் அளந்தார்! நம்மூர் லேப்களில் ஜெல் தடவி ஒட்டுகிற அந்தச் சின்ன வட்டத்துக்குப் பின்னால் இப்படியொரு வலி இருக்கிறது.

அளக்க முடியாததை அளந்தவர்

அடுத்த கேள்வி: செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது? அந்தக் காலத்தின் மிகப் பெரிய உடலியல் ஆசிரியர் யோகான்னஸ் முல்லர், இதை அளக்கவே முடியாது என்று நினைத்தார். ஒளி மாதிரி கண நேரத்தில் போய்விடும் என்பது பொது நம்பிக்கை. அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849–50-ல் கோனிக்ஸ்பர்க்கில் உட்கார்ந்து அளந்துவிட்டார். மனைவி ஓல்கா அளவுகளைக் குறித்துக் கொடுத்து உதவினார்.

முறை ரொம்ப எளிது, நம்ம அக்கவுண்ட்ஸ் மாதிரி. நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தூண்டு. தசை அசைய எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள். பிறகு தூரமான இன்னோர் இடத்தில் தூண்டு. இப்போது கொஞ்சம் அதிக நேரம் ஆகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தசை எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். மிச்சம் இருப்பது அந்த இரண்டு இடங்களுக்கு இடையில் நரம்பு எடுத்துக்கொண்ட நேரம் மட்டுமே. தூரத்தை அதனால் வகுத்தால் வேகம்.

தவளைக்கு வந்த விடை நொடிக்கு சுமார் 27 மீட்டர். மணிக்கு 97 கிலோமீட்டர். ஒரு சுழல் பந்துவீச்சாளர் சற்று வேகமாகப் போடுகிற பந்தின் வேகம்! நினைத்தவுடன் கை அசைகிறது என்று நாம் நம்புவது பொய், நடுவில் ஒரு தாமதம் இருக்கிறது என்பது அன்றைக்குப் பலரால் ஜீரணிக்க முடியாத செய்தி. 1867-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், நிகோலாய் பாக்ஸ்டுடன் சேர்ந்து மனிதக் கை நரம்பிலும் அளந்தார். இன்றைக்கு ஆரோக்கியமான கை நரம்பின் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட 161.3-ஐவிட அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது, இன்று ஆஸ்பத்திரியில் செய்யும் 'நரம்புக் கடத்தல்' சோதனையும் இதே இரண்டு இட முறைதான். கருவி மாறிவிட்டது. கணக்கு மாறவில்லை.

பெட்டியோடு அலைந்த டாக்டர்

இதுவரை எல்லாம் ஆராய்ச்சி. நோயாளியிடம் இதைக் கொண்டுபோனவர் கியோம் டியூஷேன். பிரான்சின் கடலோர ஊரான புலோனிலிருந்து 1842-ல் பாரிஸ் வந்தவர். பெரிய பதவி எதுவும் கிடையாது. தூக்கிச் செல்லக்கூடிய ஒரு மின் பெட்டியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். ஈரமான மின்முனையைத் தோல் மேல் வைத்து ஒவ்வொரு தசையாகத் தனித்தனியே தூண்டி, எது பேசுகிறது, எது பேசவில்லை என்று எழுதி வைத்தார். சிறுவர்களுக்கு வரும் கொடிய தசைச் சிதைவு நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். உயிரோடு இருப்பவரின் தசையிலிருந்து சின்னத் துணுக்கு எடுக்க ஓர் ஊசியையும் வடிவமைத்தார். இன்றைய தசை பயாப்ஸிக்கு அதுதான் முன்னோடி.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப் 1868-ல் இன்னொரு படி போனார். மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் குறுகிய துடிப்புக்கு நரம்பு உள்ள தசைதான் பதில் சொல்லும். நரம்பு செத்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பதில் நின்றுவிடும். ஆனால் நீண்ட மின்னோட்டம் கொடுத்தால் தசை தானாகவே, சோம்பலாக, ஒரு புழு நெளிவது போல் அசையும். ஆக, "கை அசையவில்லை" என்பதற்குப் பின்னால் நரம்பு செத்திருக்கிறதா, வெறுமனே அடைபட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பிரித்துச் சொல்ல முதல் வழி பிறந்தது.

போர் கற்றுக்கொடுத்தது

சொல்ல வருத்தமாக இருந்தாலும் உண்மை இதுதான். நரம்பைப் பற்றி மனிதன் நிறையக் கற்றது போர்க்களத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை நரம்புக் காயங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே வேலை செய்த சைலஸ் வியர் மிட்செலும் நண்பர்களும் 1864-ல் எழுதிய புத்தகம் இந்தத் துறையின் தொடக்கப் பாடநூல். நரம்பில் குண்டு பட்டவர்களுக்கு ஆறிய பிறகும் எரியும் வலிக்கும், வெட்டிப்போன கால் இன்னும் இருப்பதாகத் தோன்றும் உணர்வுக்கும் பெயர் வைத்தவர் மிட்செல்தான்.

முதல் உலகப் போரில் ஒரு விநோதம். காயம்பட்ட நரம்பை விரலால் மெதுவாகத் தட்டினால் தூரத்தில் சுருக்கென்று மின்சாரம் ஓடுவது போலிருந்தால் நரம்பு மறுபடி வளர்கிறது என்று அர்த்தம். இதை 1915-ல் பிரெஞ்சுக்காரர் ஜூல் டினெல் எழுதினார். அதே 1915-ல், சில மாதங்கள் முன்னால், ஜெர்மன்காரர் பால் ஹாஃப்மன் எழுதியிருந்தார். துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற இரண்டு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே கண்டுபிடிப்பு! மிஷினே வேண்டாம், விரல் போதும். இன்றும் டாக்டர் உங்கள் மணிக்கட்டைத் தட்டிப் பார்க்கிறார் என்றால் அதைத்தான் செய்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹெர்பர்ட் செடன் காயங்களை மூன்றாகப் பிரித்தார் (1943). ஒன்று, நரம்பு முழுசாக இருக்கிறது, செய்தி மட்டும் அடைபட்டிருக்கிறது. சில வாரங்களில் தானே சரியாகும். இரண்டு, உள்ளே இழை அறுந்துவிட்டது, மேலுறை அப்படியே இருக்கிறது. இழை திரும்ப வளரும். மூன்று, எல்லாமே அறுந்துவிட்டது. தைத்தால்தான் உண்டு.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அறுந்த இழை வளர்வது ஒரு நாளைக்குத் தோராயமாக 1 மில்லிமீட்டர். மேல்கையில் காயம், அசைய வேண்டிய தசை 45 சென்டிமீட்டர் தள்ளி என்றால் 450 நாள். ஒண்ணேகால் வருடம்! நரம்பில்லாத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. மெல்லச் சுருங்கிப் பயனில்லாமல் போய்விடும். ஆக, டாக்டர் தானாக வளரட்டும் என்று காத்திருந்து அது மூன்றாம் வகையாக இருந்துவிட்டால் கை போச்சு. அவசரப்பட்டுக் கிழித்து அது முதல் வகையாக இருந்துவிட்டால் நன்றாக ஆகவேண்டிய நரம்பைக் கெடுத்த பாவம். மூன்று வகையிலும் முதல் நாள் கை ஒரே மாதிரிதான் தொங்கும். அந்த வார்டில் படுத்திருந்த இருபது வயதுச் சிப்பாய்க்கு, 'எது என்று எப்படித் தெரியும்' என்பது பரீட்சைக் கேள்வி இல்லை. அவன் கை.

ஊசியும் ஒலிபெருக்கியும்

பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1929-ல் எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் ஊசி போடும் ஊசிக்குள் மெல்லிய கம்பியைச் செருகித் தசைக்குள் இறக்கி, வருகிற மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கொடுத்துக் கேட்டார்கள். ஆமாம், காதால் கேட்டார்கள். ஏட்ரியனுக்கு நரம்பணுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல தசை ஓய்வில் இருக்கும்போது சத்தமே வராது. நரம்பை இழந்த தசையிலோ இரண்டு மூன்று வாரங்களில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் படபடக்க ஆரம்பிக்கும். ஸ்பீக்கரில் அது தகரக் கூரையில் மழை பெய்வது போலக் கேட்குமாம். மறுபடி நரம்பு வந்து சேர்ந்தால், கை அசைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் மாறிவிடும். 1944-ல் வெடல், ஃபைன்ஸ்டீன், பேட்டில் மூவரும் இதையெல்லாம் நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். காத்திருக்கலாமா, கிழிக்கலாமா என்ற கேள்விக்கு முதல்முறையாக ஆதாரத்தோடு பதில் வந்தது.

போர் முடிந்ததும் வேகம் கூடியது. 1948-ல் ஹோட்ஸ், லாரபி, ஜெர்மன் மூவரும் காயம்பட்ட மனித நரம்புகளில் செய்தியின் வேகத்தை அளந்தார்கள். 1949-ல் டாசனும் ஸ்காட்டும் தோலுக்கு மேலிருந்தே நரம்பின் நுண்ணிய மின்துடிப்பைப் பிடித்தார்கள். 1956-ல் சிம்ப்சன், மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் அந்த இடத்தில் மட்டும் வேகம் குறைவதைக் காட்டினார்.

அந்த 1956 கட்டுரைக்கு எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கொண்டிருப்பார். உடம்பில் ரத்தம் இல்லை என்று ஒரு வருடமாகப் பேரீச்சம்பழம்! கடைசியில் இந்தச் சோதனை செய்தார்கள். சின்ன ஷாக், கட்டைவிரல் குதிக்கும், திரையில் ஒரு கோடு. முன்கையில் வேகம் சரியாக இருந்தது, மணிக்கட்டில் மட்டும் தாமதம். ராத்திரி மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறார், இப்போது பரவாயில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கழித்தல் கணக்கு எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர 150 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

துடிப்பும் பயமும்

கண் துடித்தால் நல்லதா கெட்டதா என்று நம் பாட்டிமார் இடது, வலது பார்த்துப் பலன் சொல்வார்கள். இன்றைய பாட்டி இன்டர்நெட். அது சொல்லும் பலன் இன்னும் பயங்கரம்: மோட்டார் நியூரான் நோய். 1869-ல் பாரிஸின் ஷார்கோ விவரித்த, தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில், கையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்தும் மின்முனை வைத்தும் சோதித்துச் சொன்னது இதைத்தான். 21 என்றால் நம் வயசு. பயம் வராமல் எப்படி இருக்கும்?

எங்கள் வகுப்பு நண்பன் ஒருத்தன் செமஸ்டர் சமயத்தில் கெண்டைக்கால் துடிப்பதைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி ராத்திரியாகக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவனைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். "பலம் முழுசா இருக்கு, தூங்குப்பா" என்று அனுப்பிவிட்டார். ஊசிச் சோதனை செய்யவில்லையே என்று அவனுக்குக் குறை.

ஆனால் வரலாறு டாக்டர் பக்கம்தான். 1938-ல் டெனி-பிரவுனும் பென்னிபேக்கரும் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள். நரம்பிழந்த தசையின் தனி இழைகள் படபடப்பது வேறு. தோலுக்கு மேலேயே கண்ணுக்குத் தெரியும் துடிப்பு வேறு. இரண்டாவது ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். களைப்பு, காபி, தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் அதைக் கூட்டும். 1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், துடிப்பு மட்டும் இருந்து வேறு கோளாறு இல்லாத 121 பேரைப் பல வருடம், சிலரை 32 வருடம் வரை, தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. 2013-ல் வந்த ஒரு கட்டுரை, இந்தத் துடிப்புப் பயம் டாக்டர்களுக்கே வருவதை விவரித்து அதற்கு ஒரு பெயரும் வைத்தது. படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

ரிப்போர்ட் எதைச் சொல்லாது?

ஆடிட்டிங் வகுப்பில் முதல் பாடம், தணிக்கையாளர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை என்பது. தேர்ந்தெடுத்துப் பார்த்து ஒரு கருத்துச் சொல்கிறார். நரம்புச் சோதனையும் அப்படித்தான். காயம் பட்ட சில நாட்களுக்குள் ஊசி வைத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்த மழைச் சத்தம் கேட்க வாரக்கணக்கில் ஆகும். கை ஜில்லென்று இருந்தாலே வேகம் குறைவாகக் காட்டும். முக்கியமாக, இந்தச் சோதனை தடித்த, வேகமான இழைகளைத்தான் பார்க்கும். சூடு, எரிச்சல், வலியைச் சொல்லும் மெல்லிய இழைகள் அதற்குத் தெரியாது. ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்றால் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று அர்த்தமில்லை. மெல்லிய இழைகளைப் பார்க்க இப்போது தோலில் சின்னத் துணுக்கு எடுத்து எண்ணுகிறார்கள்.

தசைக்கும் இதே கதை. 1959-ல் ஜப்பானில் எபாஷியும் குழுவும், தசைச் சிதைவு நோயாளிகளின் ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி அதிகம் இருப்பதைக் கண்டார்கள். அருமையான சோதனை. ஆனால் முந்தின நாள் ஜிம்மில் வெயிட் தூக்கியிருந்தாலும் அது எகிறும். டியூஷேன் நோயின் வேர் 1987-ல்தான் பிடிபட்டது, டிஸ்ட்ரோஃபின் என்ற ஒரு புரதம் இல்லாததுதான் காரணம் என்று.

இன்னொரு பக்கம், பெரிய மிஷின் இல்லாமலே பெரிய காரியம் நடந்திருக்கிறது, அதுவும் நம் வேலூரில். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளில் எந்தத் தசை செத்திருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மிச்சமிருந்த நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். விரல் அழுகி விழுவது நோயால் இல்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயம் படுவதால்தான் என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நைலான் இழையை அழுத்தி "தெரியுதா?" என்று கேட்கிறார்களே, அதுவும் அதே கவலைதான். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் இதை வருடம் ஒருமுறையாவது செய்யச் சொல்லுங்கள்.

இத்தனையும் படித்ததில் எனக்குப் புரிந்தது: நரம்பு விஷயத்தில் துடிப்பைவிடப் பலம் குறைவதுதான் முக்கியம். செருப்பு காலிலிருந்து தானாகக் கழன்று போகிறதா, சட்டைப் பித்தான் போட முடியவில்லையா, ஒரு பக்கச் சதை மட்டும் மெலிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்க முடியவில்லையா – தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். திடீரென்று ஒரு பக்கம் விழுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. மற்றபடி எந்தச் சோதனை தேவை என்பதை உங்களைத் தொட்டுப் பார்த்தவர் முடிவு செய்யட்டும். செடன் காலத்திலிருந்து இன்றுவரை முதல் சோதனை "என் விரலை இறுக்கிப் பிடி" என்பதுதான்.

பதிவு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். அடுத்து காஸ்டிங் பரீட்சை இருக்கிறது, அது முடிந்ததும் எக்ஸ்ரே வந்த கதையை எழுதலாம் என்றிருக்கிறேன். யாராவது மருத்துவ மாணவர்கள் படித்தால், விட்டுப்போனதைச் சொல்லுங்கள். கால் துடிக்கிறவர்கள் இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் தூங்குங்கள்.